உன் வெள்ளை வண்டி எனக்கு வேண்டாம், மச்சான்

சிதம்பரம்,
புதன்கிழமை காலை, இன்னும் சாப்பிடவில்லை.

அன்பு மச்சான் வைத்திலிங்கத்துக்கு, உன் அக்காள் குணசுந்தரியைக் கட்டிய தாண்டவராயன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும், உன் அக்காளும், வாசலில் நிற்கும் உன் வெள்ளை வண்டியும் சௌக்கியம். அங்கே கடலூரில் நீயும் தங்கச்சி பட்டம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நடராஜர் அருள் புரியட்டும். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி வருவதெல்லாம் சண்டை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லிச் சொல்லியே என் கோபத்தைக் கரைத்துவிடுவாய். உன் கல்யாணத்திலிருந்து இது நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே புகுந்து சரி மாமா சொல்ல முடியாது. அதனால்தான் எழுதி, வண்டியின் முன்பெட்டியிலேயே வைத்து, வண்டியோடு நீ அனுப்பிய டிரைவர் பாண்டியனிடம் வண்டியையும் கொடுத்து அனுப்புகிறேன். வண்டியைப் பெற்றுக்கொள்ளவும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன வாரம் நீ என்ன சொன்னாய்? "மாமா, நம்ம வண்டிய வெச்சிக்கினு ஓட்டிப் பாருங்க. புடிச்சா எடுத்துக்குங்க. தீபிகாவ பிரசவத்துக்குக் கூட்டியாற வண்டி வாங்கணும்னு வெளிய எதுக்கு அலையறீங்க?" என்றாய். நான் என்ன கேட்டேன்? "டாப் மாடல்தானே மச்சான்?" என்று கேட்டேன். நீ கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "டாப்புதாங்க மாமா. உங்களுக்குத் தெரியாததா?" என்றாய். அந்த 'உங்களுக்குத் தெரியாததா'வில்தான் நான் விழுந்தேன். தலை நரைக்கும்வரை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன் நான். வண்டியின் உறுமலைக் கேட்டே அது சீர்காழி பஸ்ஸா பண்ருட்டி பஸ்ஸா என்று சொல்லுவேன். ஆனால் காருக்குள் இத்தனை சாதி உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சம்பந்தி சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு அல்லவா, அதைப் பேசி முடிக்கச் சேத்தியாத்தோப்புக்கு உன் வண்டியில்தான் போனோம். தீபிகாவின் மாமனார் செந்தமிழ்செல்வன் உரக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் "என்ன வேரியன்ட்டு சம்பந்தி?" என்று கேட்டார். நான் காபியை ஆற்றிக்கொண்டே நிதானமாக "வெள்ளை" என்றேன். தீபிகா தலையைக் குனிந்துகொண்டாள், வயிறு குலுங்கியதால் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பெற்ற பெண்ணே சிரித்தால் மனுஷன் என்ன செய்வான்?

மாப்பிள்ளை எழிலன் தங்கமான பையன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னான். "மாமா, வண்டி பேரு ஒண்ணுதான், ஒடம்பும் ஒண்ணுதான். ஆனா பேஸு, மிட்டு, டாப்புன்னு உள்ள வேற வேற. சாதா தோசை, நெய் தோசை மாதிரி வெச்சிக்குங்களேன். இந்த வண்டியில பேஸுன்னா, மோதினா விரியற ஏர்பேக்கு முன்னாடி ரெண்டோட சரி. டாப்புன்னா ஆறு, பின்சீட்டுக்கும் சேத்து. தீபிகா பின்னாடிதான ஒக்காரப் போறா? ஆறு இருந்தா அனுப்பறேன். இல்லன்னா கோவிச்சிக்காதீங்க, எங்கப்பா வண்டியிலயே நான் கொண்டாந்து உடறேன்."

கேட்டாயா மச்சான்? அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவன் பெண்டாட்டி, அவன் பிள்ளை, அவனுக்குப் பயம் இருக்காதா? எனக்கும்தான் இருக்கிறது. ராத்திரி படுத்தால் சேத்தியாத்தோப்பு ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடையும் என் முதுகில் ஏறுகிறது. ஆனால் என் ஒரே பெண், கை நிறைய வளையலோடு, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிறவள், மாமனார் வண்டியில் வந்து இறங்குவதா? நான் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று சம்பந்தி வண்டிக்குச் சுற்றுவதா? அவள் என் வண்டியில்தான் வரவேண்டும். அதுவும் பத்திரமாக வரவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான், வேறு ஒரு ஆசையும் இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாப்பிள்ளையையே கேட்டேன். டாப் என்றால் கூரையில் கண்ணாடி ஜன்னல் இருக்கும், திறக்கலாம். சக்கரம் பூப்போட்ட மாதிரி பளபளவென்று இருக்கும். முன்பக்கம் கீழே, மூடுபனியில் வழி தெரிய, பனி விளக்கு. நடுவில் டிவி மாதிரி ஒரு திரை. பின்பக்கம் மாடலின் எழுத்து. உள்ளே தூண் தூணாக இருக்கிறதே, அதில் ஏர்பேக் என்று பொறித்திருக்கும். கடைசியாக, "முன்னாடி இருக்கற டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஏசி காத்து வரும் மாமா, அது டாப்புல மட்டுந்தான்" என்றான். "பெட்டிக்கு எதுக்கு மாப்ள ஏசி? அதுக்கு வேர்க்குமா?" என்று கேட்டேன். ஆர்.சி.யைப் பார்த்தாலும் தெரிந்துவிடும் என்றான். ஆர்.சி. இன்சூரன்ஸ் வேலைக்காக உன்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டால் உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று ஆகிவிடும். நான் உன்னைச் சந்தேகப்படாமலேயே சந்தேகப்பட விரும்பினேன்.

அதற்கு முதலில் பயிற்சி வேண்டாமா? மேல வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். இது பேஸ், இது டாப், இது பேஸ் ஆனால் டாப் என்று நினைப்பு, என்று எனக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. முன்பக்கம் கீழே பனி விளக்கு இருக்கிறதா என்று பார்க்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தேன். படுத்தது சுலபமாக இருந்தது. எழுந்திருக்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து நம் தெரு கொளஞ்சியம்மாள் மொய் எழுதிவிட்டு வெளியே வந்தாள். "ஐயய்யோ, டைம்கீப்பரு வுழுந்துட்டாரு!" என்று ஒரே கூச்சல். ஒருவர் சோடா உடைத்து முகத்தில் அடித்தார், ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நான் "பனி விளக்கு, பனி விளக்கு" என்கிறேன். "பாவம், என்னென்னமோ பேசறாரு" என்று ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணச் சாப்பாடு கூடப் போடவில்லை, மச்சான்.

வீட்டுக்கு வந்த கையோடு, தலை ஈரம் காயாமல், உன் வண்டியைச் சோதித்தேன். கூரையில் ஜன்னல் எங்கே? வெளியே பார்த்தால் கேரியர், கேரியர்மேல் திருகு போட்டு முடுக்கிய பலகை, பலகைமேல் காடாம்புலியூர்த் தோப்பிலிருந்து நீ பலாப்பழம் ஏற்றி வந்த பால் கறை. உள்ளே பார்த்தால் மெரூன் வெல்வெட்டுத் துணி, சுற்றிலும் ஜாலர், நாடகக் கொட்டகை தோற்றது போ. சக்கரமா, கறுப்பு இரும்பு, மாட்டு வண்டிக்காரன் கூட வேண்டாம் என்பான். திரை இருக்க வேண்டிய இடத்தில் மயில் பின்னிய துணிப்பை. பின்பக்கம் எழுத்தைத் தேடினால் 'பாடலீஸ்வரர் துணை' என்று ஒரு பெரிய ஸ்டிக்கர். சாமி பேரில் கை வைக்க முடியுமா? தூணில் எழுத்துப் பார்க்கலாம் என்றால் தூணுக்குத் தூண் வெல்வெட்டு. சீட்டுக்கு உறை, உறைக்குமேல் உறை, அதற்குமேல் பூந்துவாலை. எனக்கு எரிந்துவிட்டது. ஒன்றும் இல்லாத வண்டிக்குத்தானேடா இத்தனை துணி சுற்றுவார்கள்? மொட்டை வண்டியைப் புடவை கட்டிவிட்டு டாப் என்று என் தலையில் கட்டப் பார்த்தாயே, அதுவும் சொந்த அக்காள் புருஷன் தலையில்!

பட்டம்மாளை நான் குறை சொல்லவில்லை. அது வெள்ளை மனசு. உங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்குச் சட்டை போட்டு வைத்திருக்கிறது, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக் கோவணம் கட்டியிருக்கிறது, சோபாவின் பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை, உட்கார்ந்து எழுந்தால் தோல் உரிகிறது. அதெல்லாம் அதன் சுபாவம். ஆனால் அதுகூட உன்னோடு சேர்ந்து கெட்டுவிட்டதே என்றுதான் வருத்தம். பின்னே என்ன? போன மாதம் வந்தபோது உங்கள் பரணில் வேட்டியில் சுற்றி நாலு பெரிய தாம்பாளம் பார்த்தேன். "தங்கச்சி, வளைகாப்புக்குச் சீர் வைக்க அந்தத் தாம்பாளத்தக் குடேன்" என்று வாய்விட்டுக் கேட்டேன். "அது இப்ப வேணாண்ணே, வேணாண்ணே" என்று பதறிக்கொண்டு ஏணியையே எடுத்து உள்ளே வைத்துவிட்டது. நாலு தட்டுக்கு இவ்வளவா? நான் என்ன தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேனா? அன்றிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது, இன்று எழுதிவிட்டேன்.

போகட்டும். எனக்கு வேறு வண்டி கிடைத்துவிட்டது. பைபாஸ் ஓரம் பழைய கார் விற்கிற செம்பியன் என்று ஒருவர், பேச்சில் தேன் ஒழுகும். உன் வண்டியின் அதே பேர், அதே வருஷம், சிவப்பு. பின்னால் டாப் என்பதற்கான எழுத்து, அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு எழுத்து, போதாததற்கு 'ஆறு ஏர்பேக்' என்று கண்ணாடியில் பச்சை எழுத்து. சக்கரம் பூவாய்ப் பூத்திருக்கிறது. கூரை ஜன்னலைக் காட்ட என்னை மாடிக்கே அழைத்துப் போனார். மேலிருந்து பார்த்தேன், அடேயப்பா, முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே கறுப்புக் கண்ணாடி, வெயிலில் மின்னுகிறது. திறந்து காட்டச் சொன்னேன். "சாவி ஓனர்கிட்ட இருக்கு சார், நாளைக்கு வந்துடும்" என்றார். எவ்வளவு நாணயம் பார், அடுத்தவர் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. இன்று மத்தியானம் போய் முடித்துவிடுகிறேன். உன் வண்டி எனக்கு வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

நீ தாய்மாமன். முறை என்று ஒன்று இருப்பதால் வெள்ளிக்கிழமை பட்டம்மாளை அழைத்துக்கொண்டு வந்துசேர். முதல் வளையல் அதன் கையால்தான் போடவேண்டும், அதில் மாற்றம் இல்லை. உன்னோடு நான் பேசமாட்டேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ. பட்டம்மாளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் வேறு வழியில்லாமல் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஏமாறாத மாமா,
தாண்டவராயன்.

பி.கு. - அதே புதன், மத்தியானம் தாண்டி. வைத்திலிங்கம், கண்ணு, மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே. படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உன் அக்காள் பிடுங்கிக்கொண்டு, "எழுதனத அப்படியே அனுப்புங்க, எந்தம்பி சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். எல்லாப் பக்கத்தையும் அவள் படித்தும் விட்டாள். இன்று ராத்திரி எனக்குக் குழம்பு இல்லை, ரசம் மட்டும்தான்.

என்ன நடந்தது என்றால், கடிதத்தை முன்பெட்டியில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு அனுப்பலாம் என்று உள்ளே போனேன். பாண்டியன் வெயில் தாங்காமல் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் தூங்கிவிட்டான். சாப்பிடும்போது உன்னை இன்னும் ஒரு வசவு திட்ட மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. ஈரக்கையோடு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தால், மச்சான், கடிதம் ஜில்லென்று இருக்கிறது! கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஜில். பெட்டிக்குள் கையை விட்டேன், உள்ளே ஒரு ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று காற்று. பட்டம்மாளுக்கென்று உன் அக்காள் அதில் வைத்திருந்த மல்லிகைச் சரம் செடியில் இருக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு இருக்கிறது. பெட்டிக்கு வேர்க்குமா என்று கேட்டு அதை மட்டும் சோதிக்காமல் விட்டேனே, எனக்குத்தான் வேர்த்தது!

"குணா, கத்தரிக்கோல கொண்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் பாண்டியன் எழுந்து தலையை இடித்துக்கொண்டான். கூரை வெல்வெட்டின் தையலை ஒரு பக்கம் பிரித்தோம். உள்ளே கண்ணாடி! பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் கண்ணாடி சொகுசாகப் பின்னால் நகர்ந்தது, மேலே உன் பலாப்பலகை தெரிந்தது. பாண்டியன் ஏறித் திருகைக் கழற்றிப் பலகையைத் தூக்கினான். நாலு காய்ந்த பலாக்கொட்டையும், அதன் பின்னால் மொத்த வானமும் என் தலைமேல் விழுந்தன. நான் சீட்டில் ஏறி நின்று தலையை வெளியே நீட்டித் தெருவைப் பார்த்தேன். எதிரே கொளஞ்சியம்மாள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "பனி விளக்கு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அப்புறம் தூணின் துணியைத் தூக்கினோம், ஏர்பேக். அடுத்த தூணில், ஏர்பேக். உன் அக்காள் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "எம்பொண்ணு வந்துருவா, பாருங்க" என்று அழுதாள். நானும் அழுதேன். பாண்டியன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஏசியை அணைத்தான்.

உடனே பட்டம்மாளுக்குப் போன் போட்டேன், நீ தோப்புக்குப் போயிருந்தாயாம். "ஏன் தங்கச்சி, டாப் வண்டிய ஏன் இப்படி மூடி வெச்சீங்க?" என்று கேட்டேன். அது என்ன சொல்லிற்று தெரியுமா? "வாங்கன அன்னிக்கே மூடிட்டேண்ணே. எங்களுக்குன்னு புள்ள இல்ல, நாங்க ரெண்டு பேரும் போறதுக்கு என்னத்துக்கு அதெல்லாம்? தீபிகாவ கூட்டியாற அன்னிக்கு, அது ஏறி ஒக்காந்து, அது கையால பிரிக்கட்டும்னு வெச்சிருந்தேன். பலாப்பழம் கூட பலகைமேலதாண்ணே, வண்டி மேல பட உடல" என்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மெதுவாக, "அந்தப் பரண்ல இருக்கற தாம்பாளம்?" என்று கேட்டேன். "அது தாம்பாளம் இல்லண்ணே, வண்டியோட பூப்போட்ட சக்கரம், அலாய் வீலு. ரோட்டுல கீறல் வுழுமேன்னு கழட்டி வெச்சேன். அதுல போயி பழம் வெப்பீங்களா?" என்றது.

செம்பியனிடம் வேண்டாம் என்று சொல்ல அந்த வெயிலிலேயே போனேன். அவர் வண்டியின் கூரை ஜன்னல் ஓரத்தில் சுருண்டு அப்பளம்போல எழும்பியிருந்தது. முனையைப் பிடித்து இழுத்தேன், பாதி ஜன்னல் கையோடு வந்துவிட்டது. வெறும் ஸ்டிக்கர். "வெயிலுக்கு அப்படித்தான் சார் இருக்கும், சாயந்தரம் சரியாயிடும்" என்றார். அந்த மனுஷனின் தைரியத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது கேள். வண்டி இங்கேயே இருக்கட்டும், எனக்கு வேண்டும், வேண்டும், வேண்டும். பாண்டியனைப் பஸ்ஸில் அனுப்புகிறேன். நான் பிரித்த தையலை உன் அக்காள் அதே மெரூன் நூலைத் தேடி வாங்கி மறுபடி தைத்துக்கொண்டிருக்கிறாள், தீபிகாதான் பிரிக்க வேண்டும். தூணிலும் சீட்டிலும் உள்ளதை வண்டி கிளம்புமுன் அவள் கையாலேயே எடுத்துவிட வேண்டும், உறை இருந்தால் ஏர்பேக் சரியாக விரியாதாம், மாப்பிள்ளை சொன்னான். நீயே ஓட்டு, தாய்மாமன் ஓட்டினால்தான் அழகு. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவேன், நீ "சரிங்க மாமா" சொல்லிக்கொண்டே வா.

அந்த நாலு தாம்பாளத்தையும் மறக்காமல் எடுத்துவந்து வெள்ளிக்கிழமை விடியுமுன் மாட்டிவிடு. செந்தமிழ்செல்வன் வாசலுக்கு வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன வேரியன்ட்டு சம்பந்தி என்று திரும்பவும் கேட்கட்டும். நான் காபியை ஆற்றிக்கொண்டே "வெள்ளை" என்றுதான் சொல்லப் போகிறேன்.